ஆளில்லாத வண்டியில் அரைக் கப் தண்ணீர்

முதல் சொட்டு என் நெற்றியில்தான் விழுந்தது. காலை ஆறரை மணி. கண்ணைத் திறந்தால் தலைக்கு மேலே கூரை முழுக்க வேர்த்து நிற்கிறது. பக்கத்தில் என் வீட்டுக்காரர் வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிறார். முப்பது வருடமாக ஊரார் வீட்டு ஒழுகலையெல்லாம் அடைத்த பிளம்பர். ‘ஒழுகல் டாக்டர்’ என்று அவருக்குப் பட்டப்பெயரே உண்டு. அந்த டாக்டரின் பெண்டாட்டி தலையில் தண்ணீர் சொட்டுகிறது.

“ஏங்க, எழுந்திருங்க. ஒழுகுது.”

இந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் அவர் எந்தத் தூக்கத்திலும் எழுந்துவிடுவார். எழுந்தார். எழுந்த வேகத்தில் தலை ‘டம்’மென்று கூரையில் இடித்தது. மேலே காத்திருந்த மிச்சச் சொட்டுகள் எல்லாம் சேர்ந்து எங்கள் இருவர் மேலும் கொட்டின.

நாங்கள் படுத்திருந்தது ஒரு வண்டிக்குள். வண்டி என்றால் சாதாரண வண்டி இல்லை. இருவர் படுக்க மெத்தை, ஒற்றை கேஸ் அடுப்பு, கை கழுவ ஒரு தொட்டி, துணி வைக்க அலமாரி, எல்லாம் உள்ளேயே இருக்கிற பழைய கேம்பர் வேன். ஊர் சுற்ற ஆசைப்பட்டு வாங்கவில்லை. எங்கள் மகளுக்கு ஏழாம் மாதம். அவள் இருக்கும் ஊருக்கு ஒரு பகல் முழுக்கப் பயணம். அவள் வீட்டில் ஒரே ஒரு படுக்கையறை. குழந்தை பிறக்கும்வரை பக்கத்திலேயே இருக்க வேண்டுமென்றால் எங்களுக்கு இரண்டே வழி. ஒன்று, அவள் வீட்டு வாசலில் இந்த வண்டியை நிறுத்திக் குடியிருப்பது. இன்னொன்று, அடுத்த தெருவில் இருக்கும் சம்பந்தியம்மா வீட்டில் தங்குவது.

சம்பந்தியம்மா கெட்டவர் இல்லை. ரொம்ப நல்லவர், அதுதான் கஷ்டமே. போன தடவை நான்கு நாள் அங்கே தங்கினோம். நான் எதைச் செய்தாலும் அதை இன்னும் நன்றாக இன்னொரு தடவை செய்தார். நான் லாண்டரிக் கடை வைத்திருப்பவள். ஒரு நாளைக்கு நூறு உருப்படி மடிக்கிறவள். நான் மடித்து வைத்த என் புடவையைப் பிரித்து, மறுபடி மடித்து, “இப்படி மடிச்சா சுருக்கம் விழாது”ன்னு சொன்னாரே, அதை என் கட்டை வேகும்வரை மறக்க மாட்டேன்.

ஆனால் முடிவெடுக்கும் அதிகாரம் எங்களிடம் இல்லை. மகள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். “அம்மா, உனக்கு ஈரம் ஆகாது. மூச்சு இழுக்க ஆரம்பிச்சா நான் உன்னைப் பாக்கறதா, என்னைப் பாக்கறதா? ஞாயித்துக்கிழமைக்குள்ள ரெண்டு நாள் காலையில, எழுந்த உடனே, வீடியோவுல காட்டு. வண்டி உள்ள காஞ்சிருந்தா வாசல்ல நிறுத்திக்குங்க. இல்லேன்னா பேசாம அத்தை வீட்டுக்குப் போங்க.”

அன்று திங்கட்கிழமை. கடைக்குப் பின்புறத்தில் வண்டியை நிறுத்தி, கடையிலிருந்து வயர் இழுத்துச் சின்ன ஹீட்டர் போட்டு, முந்தின ராத்திரிதான் முதல் முறையாகப் படுத்துப் பார்த்தோம். அந்த லட்சணத்தைத்தான் மேலே சொன்னேன்.

“கூரையில எங்கியோ ஓட்டை இருக்கு,” என்றார் அவர், நெற்றியைத் தடவிக்கொண்டே. முகத்தில் ஒரு கவலையும் இல்லை. சொல்லப்போனால் சந்தோஷமாகவே இருந்தார். ஒழுகலைக் கண்டால் அவருக்குச் சொந்தக்காரரைக் கண்ட மாதிரி.

அன்று முழுவதும் ஒட்டினார், பூசினார், அடைத்தார். கூரையில் காற்றுப் போக ஒரு மூடி உண்டு. அதைச் சுற்றிப் பசை போட்டு, அதன் மேல் டேப்பும் ஒட்டினார். ஜன்னல் இடுக்கு ஒன்று விடவில்லை. அடுப்புக்குக் கீழே கம்பி வலை போட்ட துவாரம் ஒன்று இருந்தது.

“அதையுமா? அது காத்துக்குன்னு பக்கத்துலயே எழுதி ஒட்டியிருக்குங்க.”

“எழுதறவனுக்கு என்ன, எழுதிட்டுப் போயிடுவான். ஓட்டைன்னு ஒண்ணு இருந்தா தண்ணி வரும். முப்பது வருஷமா பாக்கறேன்.”

என் கடையில் சுவரில் பெரிய மின்விசிறி வைத்து நீராவியை வெளியே தள்ளுகிறேன். அது ஒரு மணி நேரம் நின்றால் சுவரெல்லாம் அழும். இவ்வளவும் தெரிந்தவள்தான். இருந்தாலும் ஒழுகல் விஷயத்தில் அவரிடம் பேச எனக்குத் தைரியம் கிடையாது. இஸ்திரி விஷயத்தில் அவர் வாய் திறக்க மாட்டார், பைப் விஷயத்தில் நான் வாய் திறக்க மாட்டேன் என்பதுதான் எங்கள் குடும்பம் இத்தனை வருடம் ஓடியதன் ரகசியம்.

செவ்வாய்க்கிழமை காலை நிலைமை இன்னும் மோசம். கண்ணாடியில் தண்ணீர் கோடு கோடாக இறங்கியது. போர்வை ஓரம் நனைந்திருந்தது. ஆறு துண்டுகளை எடுத்துக் கண்ணாடி, கூரை, கதவு எல்லாவற்றையும் துடைத்தோம். வெளியே மழை. அதனால் வண்டிக்குள்ளேயே குறுக்கே ஒரு கயிறு கட்டி, துண்டுகளைக் காயப் போட்டேன். கடையில் துணி உலர்த்தும் இயந்திரம் இரண்டு இருக்கிறதே என்று கேட்பீர்கள். அது வாடிக்கையாளர் துணிக்கு. வீட்டுத் துணி கயிற்றில்தான். கடை திறந்த நாள் முதலே அதுதான் என் சட்டம்.

துடைத்து முடித்ததும் வீட்டுக்காரருக்குக் குறுக்கு புத்தி வேலை செய்தது. “இப்ப காஞ்சிதானே இருக்கு? பாப்பாவைக் கூப்பிடு.”

கூப்பிட்டேன். கண்ணாடியைக் காட்டினேன். பளபளவென்று இருந்தது. கூரையைக் காட்டினேன். அப்பழுக்கில்லை. மகள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

“அப்பா, பின்னாடி அந்தத் திரையைக் கொஞ்சம் பிழிங்க.”

“எதுக்குமா?”

“சும்மா பிழிங்க.”

பிழிந்தார். சளசளவென்று அவர் காலிலேயே ஊற்றியது. எங்கள் குட்டு வெளிப்பட்டுவிட்டது. அவர் அசடு வழிந்துகொண்டு நின்றார். போனுக்கு அந்தப் பக்கம் சம்பந்தியம்மாவின் குரல் கேட்டது. “சோபாவை விரிச்சுப் போட்டுட்டேன், தலகாணிக்கு உறையும் மாத்திட்டேன்னு சொல்லும்மா.”

நான் அவசரமாகப் போனை வைத்துவிட்டேன்.

புதன்கிழமை அவர் சாயம் எடுத்தார். பிளம்பர்கள் செய்கிற வேலைதான் அது: எங்கிருந்து ஒழுகுகிறது என்று தெரியாவிட்டால் சந்தேகப்படும் இடத்தில் சாயத்தைக் கலந்துவிடுவார்கள். கீழே எந்த நிறத்தில் சொட்டுகிறதோ, அங்கேதான் ஓட்டை. தண்ணீர்த் தொட்டியில் சிவப்பு. கை கழுவும் குழாயில் மஞ்சள். கூரைக்கு ஊற்ற நிறம் கிடைக்கவில்லை என்று, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், கடையில் வெள்ளைத் துணிக்குப் போட வைத்திருந்த நீலப் பாட்டிலைக் கொண்டுபோய் முழுவதும் கவிழ்த்தார்.

கடை இயந்திரம் இரண்டும் நிறைந்திருந்தன, மழையும் விட்டிருந்தது. அதனால் பின்புறக் கொடியில் பல் டாக்டரின் ஆறு வெள்ளைக் கோட்டுகளைக் காயப் போட்டிருந்தேன். வண்டிக் கூரையிலிருந்து வழிந்த நீலம் காற்றில் அந்தப் பக்கமாகப் பறந்தது. நான் வெளியே வந்து பார்த்தபோது ஆறு கோட்டிலும் நீலப் புள்ளி. இவர் ஏணி மேல் நின்றுகொண்டிருக்கிறார், முழங்கைவரை நீலம், மூக்கு நுனியிலும் நீலம்.

“ஏங்க, உங்களுக்கு மண்டையில மசாலா ஏதாவது இருக்கா?”

“கத்தாதே. நாளைக்குக் காலையில பாரு, திருடன் நிறத்தோட மாட்டுவான்.”

வியாழக்கிழமை காலை இருவரும் மெத்தையில் உட்கார்ந்து கூரையையே கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தோம். சொட்டியது. சிவப்பு இல்லை, மஞ்சள் இல்லை, நீலமும் இல்லை. நிறமே இல்லாத வெறும் தண்ணீர். அவர் ஒரு சொட்டை விரலில் ஏந்தி நாக்கில் வைத்துப் பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது. முப்பது வருடத்தில் எந்தத் தண்ணீரும் அவரிடம் இப்படி நடந்துகொண்டதில்லை.

“பைப்புலேருந்து வரல. கூரையிலேருந்தும் வரல. அப்ப எங்கேருந்துதான் வருது?”

நான் யோசித்துவிட்டுச் சொன்னேன். “நம்ம மூச்சுலேருந்துதான். குளிர்ல கண்ணாடிகிட்ட வாய வச்சு ஊதினா பூக்கறதில்ல? அதேதான்.”

“மூச்சா? அப்படின்னா உன்னோடதுதான். நீ நாள் பூரா பேசிக்கிட்டே இருக்கே.”

“நான் பேசறது பகல்ல. நீங்க வாயத் திறந்து குறட்டை விடறது விடிய விடிய.”

சண்டை முற்றியது. முடிவில், சண்டையைச் சோதனை வைத்துத் தீர்த்துக்கொள்வது என்று ஏற்பாடு. துண்டுகளையெல்லாம் வெளியே எடுத்துவிட்டு, காலை நான்கு மணி நேரம் அவர் மட்டும் வண்டிக்குள் இருப்பது, மதியம் நான்கு மணி நேரம் நான் மட்டும் இருப்பது. பிறகு கண்ணாடியைத் துடைத்து, சோப்புத்தூள் அளக்கும் கப்பில் பிழிந்து, ஸ்பூனால் எண்ணிப் பார்ப்பது. கல்யாணமாகி இருபத்தெட்டு வருடம் கழித்து எங்களுக்கு வந்த புத்தியைப் பாருங்கள்.

அவர் உள்ளே போனதும் தூங்கிவிட்டார். வெளியிலிருந்தே சத்தம் கேட்டது. நான்கு ஸ்பூன். மதியம் நான் போய், என் தங்கையைப் போனில் பிடித்து, சம்பந்தியம்மா புடவை மடித்த கதையை முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன். நான்கு ஸ்பூன்.

“நாலரை,” என்றார் அவர்.

“உங்க கண்ணு அரை. சரியாப் பாருங்க.”

“சரி, நாலுன்னே வச்சுக்க. ஆளுக்கு நாலு ஸ்பூன்னா, ரெண்டு பேருக்கு எட்டு. ராத்திரி ரெண்டு மடங்கு நேரம்னாலும் பதினாறு. நாம தினமும் பிழியறது ஒரு கப்புக்கு மேல! மிச்சம் யாரோடது?”

சோதனைதான் முடிந்ததே என்று ஈரத்துண்டுகளை மறுபடி வண்டிக்குள் கொண்டுவந்து போட்டேன். மறுநாள் காலையும் பழைய கதைதான். துடைத்தோம், பிழிந்தோம், துண்டுகளைப் பழையபடி கயிற்றில் மாட்டினேன்.

அந்த வெள்ளிக்கிழமை ஒரு பள்ளிக்கூடத்தில் பைப் வெடித்துவிட்டது என்று அவரை அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். எனக்கும் கடையில் தலைக்கு மேல் வேலை. வண்டி உள்ளேயாவது நன்றாகக் காயட்டும் என்று ஹீட்டரைப் போட்டு, கதவைச் சாத்திவிட்டு வந்தேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு இருவரும் போய்த் திறந்தோம்.

கண்ணாடி தெரியவில்லை. கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. துடைத்துப் பிழிந்தார். அரைக் கப். ஆள் யாரும் இல்லாத வண்டியில் அரைக் கப்.

அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்! “பாத்தியா? மூச்சாம் மூச்சு! உள்ள யாருமே இல்ல. இது சுத்தமான ஒழுகல். அடியிலேருந்து வருது. தரையைப் பிரிச்சுட வேண்டியதுதான்.” ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு மண்டி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

நான் கயிற்றில் தொங்கிய துண்டை எடுத்தேன். அவர் முழங்காலுக்குக் கீழே போட்டுக்கொள்ளட்டும் என்றுதான் எடுத்தேன். கையில் பட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. துண்டு காய்ந்திருந்தது. கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். மொறுமொறுவென்று இருந்தது. இரண்டாவது, மூன்றாவது, ஆறும் அப்படியே. காலையில் ஈரத்தோடு மாட்டிய துண்டுகள்.

ஒரு லாண்டரிக்காரிக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டுமா? துண்டிலிருந்த தண்ணீர் எங்கே போகும்? காற்றுக்குப் போனது. காற்றுக்கு வெளியே போக வழியில்லை, கண்ணாடிக்குப் போனது. காலையில் கண்ணாடியிலிருந்து துடைத்து நான் மறுபடி துண்டில் ஏற்றினேன். செவ்வாய்க்கிழமையிலிருந்து ஒரே தண்ணீரை நாய்க்குட்டி மாதிரி வளர்த்துக்கொண்டிருக்கிறேன்! நூறு உருப்படி உலர்த்தித் தருகிறவள், ஆறு துண்டில் ஏமாந்து நிற்கிறேன்.

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று நினைத்தேன். பொய் சொல்ல மாட்டேன், நினைத்தேன். அவர் முதல் ஸ்க்ரூவைக் கழற்றினார். துண்டுகளைச் சத்தமில்லாமல் கடைக்குக் கொண்டுபோய்விட்டால் நாளைக்குத் தானாகக் குறையும். தரையைப் பிரித்துப் பூசியதால்தான் சரியானது என்று அவரும் சந்தோஷமாக இருப்பார். என் மானமும் தப்பும். இரண்டாவது ஸ்க்ரூ. அவர் முதுகு வலிக்கிறது என்று ஒரு கையால் பிடித்துக்கொண்டார். மூன்றாவது ஸ்க்ரூ துருப்பிடித்திருந்தது. அதனோடு மல்லுக்கட்டிக்கொண்டே, “கவலப்படாதே, உன்னை அந்த சோபாவுல படுக்க விட மாட்டேன்,” என்றார்.

அந்த வார்த்தைக்குப் பிறகு என்னால் முடியவில்லை.

“ஏங்க, நிறுத்துங்க. அது துண்டுங்க.”

“எது?”

சொன்னேன். துண்டை அவர் கன்னத்தில் வைத்தேன். அவர் துண்டைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார். கத்தப் போகிறார் என்று நினைத்தேன். அவர் மெதுவாகத் தலையைத் தூக்கி, டேப் ஒட்டிய கூரை மூடியைப் பார்த்தார்.

“அப்ப, போறதுக்கு இருந்த வழியை எல்லாம் அடைச்சது நானா?”

“நீங்கதான்.”

“அடுப்புக்குக் கீழ இருந்ததையும்.”

“அதையும்தான். அடைச்சுட்டு கேஸ் அடுப்புல தினமும் வெந்நீர் வேற வச்சோம். நாம உயிரோட இருக்கறதே அதிசயம்.”

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். நீல மூக்கோடு ஒருவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தால் எதிரில் இருப்பவளுக்கு எப்படி ரோஷம் வரும்? நானும் சிரித்தேன். பிளம்பர் அடைத்தார், லாண்டரிக்காரி ஈரத்துணி போட்டாள். இந்த வேலையை இவ்வளவு கச்சிதமாகச் செய்ய வேறு எந்த ஜோடியாலும் முடியாது.

அன்று இருட்டுவதற்குள் டேப்பை எல்லாம் உரித்தார். முப்பது வருடத்தில் அவர் முதன்முதலாக ஓட்டை போட்ட நாள் அது. கூரை மூடியை நான்கு விரல் உயர்த்தி வைத்தார், மழை உள்ளே வராதபடி. எதிர்ப்பக்க ஜன்னலை ஒரு விரல் திறந்து வைத்தோம். மெத்தைக்கு அடியில் காற்றுப் போக மரச்சட்டம் கொடுத்தார். துண்டு, திரை, போர்வை எல்லாவற்றையும் நான் வாரிக்கொண்டு போய், என் சட்டத்தை நானே மீறி, கடை இயந்திரத்தில் போட்டேன். அடுப்பில் பாத்திரம் வைத்தால் மூடி போட்டுத்தான் வைப்பது, அதுவும் கதவைத் திறந்துவைத்துத்தான் என்று பேச்சு.

“குளிருமே,” என்றார்.

“ஹீட்டர் இருக்கு. போர்வை இருக்கு. அதுக்கும் மேல நான் இருக்கேன்.”

சனிக்கிழமை காலை கண்ணாடியின் கீழ் ஓரத்தில் மட்டும் மெல்லிதாக ஒரு பனிக்கோடு. மகள் போனில் திரையைப் பிழியச் சொன்னாள். அவர் பிழிந்தார். ஒன்றும் வரவில்லை. முறுக்கிப் பிழிந்தார். தையல்தான் விட்டது. தலையணைக்குக் கீழே, மெத்தைக்கு அடியில், அலமாரி மூலையில் என்று போலீஸ் சோதனை மாதிரி எல்லாவற்றையும் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமையும் அதே சோதனை. கடைசியில், “அப்பா, உங்க மூக்கு ஏன் நீலமா இருக்கு?” என்று மட்டும் கேட்டாள்.

“அது வேற கதைம்மா. வாசல்ல இடம் பிடிச்சு வை.”

போய்ச் சேர்ந்தோம். மகள் வீட்டு வாசலிலேயே நிறுத்தினோம். சம்பந்தியம்மா வந்தார். ஜன்னலைத் தொட்டு விரலைப் பார்த்தார். கூரையைத் தொட்டு விரலைப் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. மெத்தை மேல் நான் மடித்து வைத்திருந்த போர்வையை எடுத்து, பிரித்து, மறுபடி மடித்துவிட்டுப் போனார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். அவர் தெருமுனை திரும்பியதும் பிரித்து என் மாதிரி மடித்துக்கொண்டேன். என் வீடு, என் மடிப்பு.

மூன்றாம் நாள் மதியம் கதவைத் தட்டும் சத்தம். மகள் தலையணையோடு நின்றாள். கண் கீழே கறுத்திருந்தது.

“அங்க ஆளாளுக்கு வந்து ஆளுக்கொண்ணு சொல்றாங்கம்மா. இங்க கொஞ்ச நேரம் படுத்துக்கட்டுமா?”

ஒருக்களித்துப் படுத்தாள், படுத்த மாத்திரத்தில் தூங்கிவிட்டாள். நான் கால்மாட்டில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் டிரைவர் சீட்டில் கை கட்டி உட்கார்ந்தார். வெளியே மழை பிடித்துக்கொண்டது. நாள் பூரா பேசுகிறவள் என்று பெயர் வாங்கிய நான் இரண்டு மணி நேரம் வாய் திறக்கவில்லை. மகள் நிம்மதியாகத் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், எனக்கு அது போதுமாக இருந்தது. கண்ணாடி மெல்லப் பூக்க ஆரம்பித்ததும் அவர் எழுந்து, சத்தம் வராமல் கூரை மூடியை இன்னும் ஒரு விரல் உயர்த்திவிட்டு உட்கார்ந்தார்.

அவள் எழுந்து போன பிறகு கண்ணாடியைத் துடைத்தார். பழக்கதோஷம், கப்பில் பிழிந்து ஸ்பூனால் எண்ணினார்.

“நேத்து மதியம் நாம ரெண்டு பேரு. ரெண்டு ஸ்பூன் வந்துது. இன்னிக்கு மூணு பேரு. மூணு ஸ்பூன் வரணும், இல்லையா?”

“ஆமா.”

ஒன்று, இரண்டு, மூன்று என்று எடுத்து ஊற்றினார். கப்பின் அடியில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதை என் பக்கம் சாய்த்துக் காட்டினார்.

“இது யாரு?”

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. “வயித்துல இருக்கற குழந்தை மூச்சு விடாதுங்க. மழை ஜாஸ்தி, அதனால கொஞ்சம் கூட வந்திருக்கும்.”

“நீ என்ன டாக்டரா?”

“நீங்க டாக்டரா?”

“ஆமா, ஒழுகல் டாக்டர்,” என்றார். கப்பைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார். கொட்டவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

நான் அதை வாங்கிக்கொண்டேன். ஒரு தட்டைப் போட்டு இறுக்கமாக மூடி, அலமாரியில் வைத்தேன். திறந்து வைத்தால் மறுபடி கண்ணாடிக்குப் போய்விடும், எனக்குத் தெரியாதா?